பத்தாம் நம்பர் வீட்டு நீல வாளி

அடுத்தவர் வீட்டுக் குப்பையைத் தினமும் கையில் வாங்குகிறவளுக்கு, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் பொட்டலம் வாங்கித் தின்கிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்து போகமாட்டேன் என்கிறார், எல்லாம் வாளி சொல்லும். நீங்களும் விடியற்காலையில் ஏதாவது ஒரு தெருவில் விசில் ஊதுகிற ஆள் என்றால் நான் பொய் சொல்லவில்லை என்று தெரியும். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்குக் குப்பையைப் பிரித்துப் போட்டால் போதும். பாராட்டெல்லாம் வேண்டாம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவில்லை. பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். அதற்குப் பின்னால் சோகக்கதை எதுவும் கிடையாது. பதினெட்டு முடிந்ததும் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். வண்ணார்பேட்டையில் தாமிரபரணி ஆற்றைப் பார்த்து இறங்குகிற ஐந்து தெரு எங்களுக்கு. பேட்டரி வண்டி ஓட்டுவது பேச்சி அக்கா. விசிலும் வாயும் நான். வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்திருக்கிறார்கள். மக்குகிறது பச்சையில், மக்காதது நீலத்தில். பச்சை உரக்கிடங்குக்குப் போகும். நீலத்தை ஷெட்டில் கொட்டி, உதவுகிறதைப் பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்புவோம். இவ்வளவுதான் விஷயம். இதை ஊருக்கு விளங்கவைக்கத்தான் உயிர் போகிறது.

வாசப்படி

சேர்ந்த முதல் வாரம். தெரு முக்கு வீட்டில் கதவு பாதி திறந்து கிடந்தது. மூன்று தடவை விசில் ஊதியும் ஆள் வரவில்லை. வாளி கதவுக்கு உள்ளே, எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எனக்குக் காத்திருக்கப் பிடிக்காது. உள்ளே போய்விட்டேன். இருட்டு ஹாலில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. "குப்பை எடுக்க வந்தேன்" என்றேன். கண் பழகின பிறகு பார்த்தால், நாலு பேருக்கும் கண்ணே இல்லை. வழவழவென்று வெறும் முகம்.

ஜவுளிக்கடை பொம்மைகள். அந்த வீட்டுக்காரருக்குக் கடை இருக்கிறதாம், பழைய பொம்மைகளை வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, நான் திருட வந்தேன் என்று ஆபீசுக்குப் புகார் சொல்லிவிட்டார். எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி என்னை ஷெட்டில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "அந்தப் பொம்மைக்கு வாய் இருந்திருந்தா அதுவும் ஒன் மேல புகார் குடுத்திருக்கும் ளா. இது மொத தடவ, விடுதேன். இனி எவன் வீட்டு வாசப்படியாவது தாண்டுன, அன்னைக்கே ஒனக்கு வேல கிடையாது."

மூட்டை

பத்தாம் நம்பர் ஆற்றுக்குப் போகிற கடைசித் தெருவில் கடைசி வீடு. இரும்புக் கேட்டில் இரண்டு கொக்கி. அவற்றில் பச்சையும் நீலமும் தினமும் தொங்கும். ஆளை நான் பார்த்ததே இல்லை. வாளி இரண்டும் அவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கும். பச்சையில் இரண்டு பேருக்கான காய்த்தோல், வடிகட்டின தேயிலை. நல்ல வீடு என்று மனதுக்குள் குறித்துவைத்திருந்தேன்.

திடீரென்று ஒருநாள் கேட்டுக்கு வெளியே பெரிய சாக்கு மூட்டை. பக்கத்தில் தடிமனான மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தா ஒருவர் நின்றார். அவிழ்த்துப் பார்த்தால் சேலை, மாத்திரை, சீப்பு, எண்ணெய்ப் பாட்டில், வாடின பூ, சோற்றுப் பருக்கை, எல்லாம் ஒன்றாக. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தானே பிரிச்சுப் போட்டிட்டிருந்தீங்க? இப்படி மொத்தமா தந்தா வாங்க மாட்டேன். தனித்தனியாப் பிரிச்சு, தெனமும் கொஞ்சங் கொஞ்சமாப் போடுங்க" என்றேன். அவர், "சரிம்மா, அப்படியே செய்யுதேன்" என்று மூட்டையை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தச் சாக்கு தரையில் உரசிப் போன சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும்.

தெரு முனை திரும்பினோம். பேச்சி அக்கா வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நேத்து அந்த வீட்டம்மாவுக்குப் பதினாறாம் நாள் விசேஷம் ளா. அவரு தூக்கிட்டு வந்தது குப்பையில்ல, பொண்டாட்டி."

தண்ணிக்குள்ள பிடி

அந்தச் சனிக்கிழமை படித்துறையில் துணி எடுக்கிற வேலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் செத்தவர்கள் துணியை ஆற்றில் விடுவார்கள். தோஷம் கழிக்க வருகிறவர்களும் உடுத்தியிருக்கிறதை ஆற்றோடு விட்டுவிட்டு ஏறிப்போவார்கள். தாமிரபரணி அதையெல்லாம் எங்கே கொண்டுபோகும்? கல்லில் சுற்றி வைத்துக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரில் நின்று நாங்கள் உருவ வேண்டும். காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. ஒரு துணி கணுக்காலைச் சுற்றும், நாம் நகர்ந்தால் அதுவும் இறுக்கும். நான் ஒரு சேலை முந்தியைப் பிடித்து இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. ஒரு சேலை முடிந்த இடத்தில் இன்னொரு சேலை, அதற்குப் பிறகு ஒரு வேட்டி, அதன் நுனியில் ஒரு சின்னப் பாவாடை. யாரும் முடிச்சுப் போடவில்லை. தண்ணீரே முறுக்கிக் கட்டியிருந்தது. அப்போது ஒரு வெள்ளைச் சட்டை காற்று நிரம்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நிமிர்ந்தபடியே என்னைப் பார்த்து மிதந்து வந்தது.

நான் கரைக்கு ஓடிவந்துவிட்டேன். வெட்கமில்லை, சொல்கிறேன். கரையில் பத்தாம் நம்பர் தாத்தா கட்டைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் அந்தம்மா சேலைகளை ஆற்றில் விடச் சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரி அண்ணாச்சி, "இனி ஆத்துல துணி விடக்கூடாது சார், வீட்டுலேயே பிரிச்சு வாளில போடுங்க" என்று ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். நாங்கள் ஊர் பூராவும் கொடுக்கிற நோட்டீஸ்தான். வாங்குகிறவர்கள் அதில் வடையைத்தான் மடிப்பார்கள். தாத்தா இரண்டு பக்கமும் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பையோடு திரும்பிப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பேச்சி அக்கா சொன்னாள்: "ஆத்துல விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும். இந்த மனுசன் எத்தன நாள் எடுக்கப் போறாரோ."

தலை

திங்கட்கிழமை பத்தாம் நம்பர் நீல வாளியில் ஒரே ஒரு பொட்டலம். செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அச்சடித்த மாதிரி கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'தலை'.

எடுத்த வேகத்தில் கீழே போட்டேன். பேச்சி அக்கா வண்டியை விட்டு இறங்கவே இல்லை, அங்கிருந்தே "பிரி, பிரி" என்றாள். பிரிக்கிறது என் வேலைதானே. முடிச்சை அவிழ்த்தேன். கொண்டை ஊசி ஒரு கட்டு. பல் உடைந்த சீப்பு, அதில் நரைமுடி இரண்டு சுற்று. பாதி எண்ணெய்ப் பாட்டில். அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணெய் வாசனை வண்டி முழுக்க ஏறிக்கொண்டது. அத்தனை வீட்டுக் குப்பை நாற்றத்துக்கும் மேலே, யாரோ தலைவாரிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து வருகிற மாதிரி, உரக்கிடங்கு வரைக்கும் கூடவே வந்தது. பேச்சி அக்கா ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை. இறங்கும்போதுதான் சொன்னாள்: "நீதானே ளா தனித்தனியாப் போடச் சொன்ன? போடுதாரு, வாங்கு."

கண், காது, வாய்

செவ்வாய்க்கிழமை 'கண்'. பெண்கள் போடுகிற மெல்லிய பிரேம் கண்ணாடியும் மை டப்பாவும். புதன் 'காது'. காது கேட்கிற மிஷின். அதில் பேட்டரி இன்னும் சாகவில்லை. பொட்டலத்துக்குள்ளிருந்து 'கீ' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் "நிறுத்து" என்று அதைப் பார்த்துக் கத்தினேன். வியாழன் 'வாய்'. என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும். பல்செட் எந்தக் கணக்கில் சேரும் என்று ஷெட்டில் யாருக்கும் தெரியவில்லை. மதியம் வரைக்கும் அது மேசைமேல் இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பிறகு 'கை' வந்தது: கண்ணாடி வளையல், நின்றுபோன வாட்ச். பிறகு 'உடல்' ஆறு நாளைக்கு வந்தது: நாளுக்கு இரண்டு சேலை, துவைத்து மடித்து. மேலிருந்து கீழே ஒரு ஆள் தினமும் கொஞ்சங் கொஞ்சமாக வாளி வழியாக வெளியே இறங்கி வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை 'கால்' வந்தது. குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு. அப்பாடா என்றேன். சோடியைப் புரட்டிப் பார்த்த பேச்சி அக்காவுக்கு மட்டும் அப்பாடா வரவில்லை: "செருப்பும் போட்டாச்சு. இனி அந்தம்மா நடந்து போயிருவா. பின்னாலயே யாரும் கிளம்பாம இருக்கணும்."

காலிப் பச்சை

இனிமேல்தான் நீங்கள், அதாவது விசில்காரர்கள், கவனிக்க வேண்டியது. நீல வாளி நடந்து முடிந்ததைச் சொல்லும். இன்று வீட்டில் என்ன என்பதைப் பச்சைதான் சொல்லும். இத்தனை நாளும் நான் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்த மடைச்சி. பச்சையில் இரண்டு பேர் தோல் ஒரு ஆள் தோலாகி, அது வெறும் தேயிலையாகியிருந்ததை நான் பார்க்கவில்லை. 'கால்' வந்த மறுநாள் இரண்டு வாளியும் காலி. அதற்கு மறுநாளும் காலி. பச்சை வாளியைக் கழுவித் துடைத்துத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே ஒரு ஈகூட இல்லை. சமைக்கிற வீட்டில் பச்சை வாளி காலியாக இருக்காது. பழம் தின்றால் தோல் வரும், ஓட்டலில் வாங்கினால் இலை வரும்.

மூன்றாம் நாளும் பச்சை காலி. நீலத்தில் இரண்டு பொட்டலம். முதல் சீட்டில் மறுபடியும் 'தலை'. உள்ளே ஆண்கள் பாக்கெட்டில் வைக்கிற குட்டிச் சீப்பு, திருநீற்றுச் சம்புடம். இரண்டாவதன் சீட்டில் 'கண்'. அச்சு மாதிரி இருந்த எழுத்து இப்போது கோட்டை விட்டு இறங்கிச் சரிந்து கிடந்தது. கயிறு முடிச்சும் கோணல். பிரித்தால் அந்தத் தடிமனான மூக்குக்கண்ணாடி. அதில் பெருவிரல் ரேகை அப்படியே இருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, கண் தெரியாமல்தான் 'கண்' என்று எழுதியிருக்கிறார். வரிசை எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே, நாளைக்குக் 'காது'. கேட்டைத் தள்ளினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பேச்சி அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள். தடுப்பாள் என்று நினைத்தேன். "வாசப்படி ளா" என்றாள் முதலில். அப்புறம் என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சரி, பைய போ. தெருவ நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

உள்ளே

கதவு பூட்டவில்லை. ஹாலில் சாமான் எதுவும் இல்லை. சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரம். ஒரு பக்கம் மட்டும் செருப்புக்கடை அட்டைப்பெட்டிகளை வாய் வெளியே தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, புறாக்கூடு மாதிரி செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு: தலை, கண், காது, வாய், கை, உடல், கால். எல்லாவற்றுக்கும் கீழே இன்னும் ஒன்று: 'மீதி'. அது பெரிய பெட்டி, காலி.

மூலையில் நாற்காலியில் தாத்தா இருந்தார். கண்ணாடி இல்லாத கண் என் பக்கம் திரும்பி, என்னைத் தாண்டி வேறெதையோ பார்த்தது. "யாரு, விசிலா?" என்றார். ஆமாம் என்றேன். தான் நாற்பது வருஷம் தபால் பிரித்தவர் என்றார். "ஊர் வாரியாப் பிரிச்சுப் பழக்கம். நீ சொன்னப்புறம் அவள அங்கம் வாரியாப் பிரிச்சேன். சரியா வந்துச்சுல்லா?" சரியாக வந்தது என்றேன். "மகன் வெளிநாட்டுல இருக்கான். நான் போனா அவன் வந்து எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டிருவான். ஒனக்குத்தான் அது பிடிக்காதே. அதான் நானே பிரிச்சிட்டா ஒங்களுக்கும் வேல மிச்சம்." குரலில் அழுகையில்லை, ஒன்றும் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சட்டம்தான் தெரியும், அதுவும் அப்போது வாயில் வந்த சட்டம். "தாத்தா, புது ஆர்டர் வந்திருக்கு. பச்ச வாளி ஒருநாளும் காலியா இருக்கக்கூடாது. உரக்கிடங்குல தோலு பத்தல. மூணு நாளா நீங்க ஒண்ணுமே போடல, ஒங்க வீட்டப் பத்தி எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காவ" என்றேன். பொய். ஆனால் அவர் பதறிவிட்டார். கை சட்டைப்பைக்குப் போனது. அந்த நோட்டீஸ் அங்கேயே நாலு மடிப்பாக இருந்தது. "இதுல அப்படிப் போடலையே" என்றார். "அது பழைய நோட்டீஸ்" என்று கையோடு கொண்டுவந்த கண்ணாடியை விரித்து அவர் கையில் வைத்தேன். "உபயோகத்துல இருக்கறது வாளில வரக்கூடாது. அதுவும் சட்டம்தான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடுக்கின் கீழ்ப்பெட்டியைக் கையால் காட்டி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் போலக் கேட்டார்: "அப்ப மீதிய எந்த வாளிலம்மா போடணும், பச்சையா, நீலமா?"

வெளியே ஓடிவந்துவிட்டேன். பேச்சி அக்காவிடம் சொன்னேன். அவள் விசிலை என் கழுத்தில் திரும்ப மாட்டிவிட்டுத் தன் தூக்குவாளியைத் திறந்தாள். காலையில் தின்ன வைத்திருந்த நாலு இட்லியையும் இரண்டு வாழைப்பழத்தையும் கேட்டுக்குள் வைத்துவிட்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஐயா, இட்லி நாங்க கேக்கல. தோலு மட்டும் நாளைக்கு எங்களுக்கு வேணும், சொல்லிட்டேன்."

மீதி

மறுநாள் மேஸ்திரி அண்ணாச்சி எங்களுக்கு முன்னாலேயே வந்து பத்தாம் நம்பர் வாசலில் நின்றார். எதிர்வீட்டு அம்மா போன் போட்டிருக்கிறாள். "உள்ள போனியா, இல்லியா? ஒரு வார்த்த" என்றார். எனக்கு அவர் கேட்டது உடனே காதில் ஏறவில்லை. கேட்டில் நீல வாளி இல்லை. அந்தக் கொக்கியில் ஒரு பெரிய பொட்டலமே தொங்கியது, வாளியில் அடங்காத அளவு. சீட்டில் 'மீதி'. காற்றில்லாமலே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் "போனேன்" என்றேன். "அப்ப விசிலக் கழட்டு" என்றார். கழற்றினேன். கழற்றிக்கொண்டே பச்சை வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இரண்டு வாழைப்பழத்தோல். ஒவ்வொன்றையும் மடித்து நூலால் கட்டியிருந்தது.

அண்ணாச்சி அதற்குள் பொட்டலத்தை இறக்கிக் கயிற்றை அறுத்துவிட்டார். உள்ளே வெறும் அட்டைப்பெட்டி. ஒன்றும் இல்லை. "என்ன ளா இது" என்று அவர் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கும்போது கதவு திறந்தது. தாத்தா படியிறங்கி வந்தார், ஒவ்வொரு படியாக, கண்ணாடி போட்டிருந்தார். "அது அட்டை, நீலத்துலதானே சேரும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தலையாட்டினேன். அவர் அண்ணாச்சி கையிலிருந்த விசிலையும் என் வெறும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்பது வருஷம் தபால் பிரித்த குரலில் சொன்னார்: "அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீரும் வே. நான் ஒரு சாமானத் தப்பான வாளில போட்டுட்டேன், அதத் திருப்பிக் குடுக்கத்தான் உள்ள வந்தா."

ஆகவே, என்னைப் போல விசில் ஊதிப் பிழைக்கிறவர்களே, எல்லாவற்றையும் பிரித்துப் போடுங்கள் என்று கத்துவதற்கு முன்னால் யாரிடம் கத்துகிறோம் என்று ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆயிரத்தில் ஒருத்தர் நாம் சொன்னபடியே செய்துவிடுகிறார்.